நான் தளர்த்திய காலுறை

என் மனைவியின் உயிருக்குக் காவலாக ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட காலுறையை நான் எங்கள் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். பலகையில் இழுத்து மாட்டினேன். ஸ்டீம் அயர்ன் போட்டுத் தளர்த்தினேன். திரும்பக் கொண்டுவந்து பெருமையோடு அவள் காலில் போட்டும் விட்டேன்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். சபையில் சாட்சி சொல்ல எழும்புகிறவர்கள் தாங்கள் எவ்வளவு ஆழமான குழியில் கிடந்தோம் என்பதிலிருந்து தொடங்குவது வழக்கம். என் விஷயத்தில் குழியை வெட்டியதும் நானேதான். டேப் வைத்து அளந்து வெட்டினேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. வயது ஐம்பத்திரண்டு. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகத் தரம் பார்க்கிறேன். எங்கள் பேச்சில் கியூ.சி. தைத்து வரும் துணியை மேஜையில் விரித்து அளப்பேன். கழுத்து அரை சென்டிமீட்டருக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ தூக்கி ஒதுக்கிவைப்பேன். இந்த வேலையை இத்தனை வருஷம் பார்த்தவனுக்கு உலகமே ஒரு செக்கிங் டேபிளாகத்தான் தெரியும். நம் போதகரின் வெள்ளை அங்கியில் இடது கை வலது கையைவிடச் சற்றுக் குட்டை. வருஷக்கணக்காகத் தெரியும். சொல்லாமல் இருக்கும் கிருபையை ஆண்டவர் எனக்குக் கொடுத்திருந்தார், இந்த வரி எழுதும்வரை.

போதாததற்குப் புத்தகம் வேறு படிப்பேன். எதையும் பாதி படித்துவிட்டு முழுதாகப் பேசுகிற அளவுக்குப் படிப்பேன்.

என் மனைவி ரோஸ்லின். இரண்டு பேரும் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள். நான் இங்கே வந்த ஆறே மாதத்தில் "சரீங்க, ஆமாங்க" என்று இந்த ஊர்ப் பேச்சுக்கு மாறிவிட்டேன். அவள் மாறவில்லை. மாற வேண்டிய தேவை எதுவும் தனக்கு இருப்பதாக அவள் எப்போதும் நினைத்ததில்லை.

போன வருஷம் ஆனி மாதம் அவள் ஒருநாள் சமையலறையில் மயங்கி விழுந்தாள். கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் அளவுக்கு மேல் இரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒரு வருஷமாக என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, "சொன்னா ஏதாவது புஸ்தகத்தப் படிச்சிட்டு வந்து பாடம் நடத்துவீங்க" என்றாள். அதற்குள் ஒரு புத்தகத்தை எடுத்து வைத்திருந்தேன்.

கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கட்டி கெட்டதாக இருக்குமோ என்ற பயம் வேறு. எங்கள் வீதி ஜெபக்குழுவில் மூன்று வெள்ளிக்கிழமை அவளுக்காக முழங்கால் போட்டார்கள். ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. கட்டி சாதாரணக் கட்டி. அன்று மாலையே குழுவில் எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லி முடித்துவிட்டார்கள். ஆபத்து தாண்டிவிட்டது என்று எல்லாரும் மூச்சு விட்ட நேரத்தில்தான் நான் வேலையைத் தொடங்கினேன்.

அந்த வார்டில் கோகிலா என்று ஒரு நர்ஸ். சேவூர்க்காரப் பெண். முப்பது வயதிருக்கும். வேகமாகப் பேசி, அதைவிட வேகமாக நடப்பார். ஆபரேஷனுக்கு முன்பே ரோஸ்லினின் இரண்டு கால்களிலும் முழங்கால் வரை வெள்ளைக் காலுறை மாட்டியிருந்தார். நான் அப்போது கீழே படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். மாலையில் வயிற்றில் ஒரு சின்ன ஊசி போட்டார். எதற்கு என்று கேட்டேன்.

"படுத்தே கெடந்தா கால்ல ரத்த ஓட்டம் மந்தமாயிருமுங்ணா. அங்கயே ஒறஞ்சு கட்டிக்கும். அந்தக் கட்டி கெளம்பி நெஞ்சுக்குப் போச்சுன்னா அப்பறம் நம்ம கையில ஒண்ணுமில்லீங்க. அதுக்குத்தானுங்க ஊசி, அதுக்குத்தான் சாக்ஸு. நாளைக்கிக் காலைல எந்திரிச்சு நடக்கவும் வேணும்."

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. நானும் தலையாட்டினேன். ஆனால் அவர் பேசும்போது என் கண் காலுறையின் பின்னல் மேலேயே இருந்தது.

அவர் போனதும் ரோஸ்லின், "கால இறுக்கிப் பிடிக்கி" என்றாள். சும்மா சொன்னாள். மயக்கம் தெளிந்து, தொண்டை காய்ந்து, வயிற்றில் தையலோடு கிடக்கிறவள் சொல்லும் பத்துக் குறைகளில் அதுவும் ஒன்று. மற்ற ஒன்பதுக்கும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இது ஒன்று என் தொழில். அதுதான் வினை.

சட்டைப் பையில் எப்போதும் டேப் இருக்கும். எடுத்து அளந்து பார்த்தேன். கணுக்காலில் ஒரு இறுக்கம், கெண்டைக்காலில் இன்னொரு இறுக்கம். எங்கள் கம்பெனியில் ஒரே துணியில் இரண்டு இறுக்கம் வந்தால் மிஷினையே நிறுத்திவிடுவோம். இது போதாதென்று விரல் பக்கம் அடியில் ஒரு ஓட்டை. இரண்டு காலுறையிலும் ஒரே இடத்தில். சந்தேகமே இல்லை, டேமேஜ். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, வாங்கும்போது ஒருவர்கூடப் பார்க்கவில்லையே என்று பரிதாபப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை கோகிலா வந்து ரோஸ்லினை உட்கார வைத்தார், நிற்க வைத்தார். அவளுக்குத் தலை சுற்றியது. உடனே படுக்க வைத்தார்கள். காலுறையைக் கழற்றி, தோலைப் பார்த்து, கால் துடைத்துவிட்டார். நான் அந்தக் காலுறையைத் துவைத்துத் தருகிறேன் என்று கேட்டு வாங்கினேன். அரை மணி நேரத்தில் திரும்பப் போட்டுவிட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். அவருக்கு அன்று மதியத்தோடு ஷிப்ட் முடிகிறது என்பதையும் நான் தெரிந்துவைத்திருந்தேன்.

கம்பெனியில் அயர்ன் மாஸ்டர் பீர் முகமது. என்னோடு பதினெட்டு வருஷமாக இருக்கிறவர். காலுறையைப் பார்த்துத் தயங்கினார். ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்ததை நாம் எதற்குத் தொட வேண்டும் என்று கேட்டார். நான் டேப்பை வைத்துக் காட்டினேன். "அளவு தப்பு, மாஸ்டர்." அதற்கு மேல் அவர் என்ன செய்வார்? அளவு விஷயத்தில் கியூ.சி. சொன்னால் அந்தக் கட்டடத்தில் முதலாளிகூட எதிர்த்துப் பேசமாட்டார். பலகையில் இழுத்து மாட்டி, நீராவி அடித்துத் தேய்த்தார். எலாஸ்டிக் நூல் சூட்டில் உயிரை விட்டது. விரல் பக்கத்து ஓட்டைகளை நானே ஊசி நூல் எடுத்து அடைத்தேன். நல்ல தையல். வெளியே தெரியாது.

அரை மணி என்றது நாலு மணி நேரமானது. மதியம் திரும்பிவந்து அவள் காலில் மாட்டினேன். "இப்ப எப்படி?" என்றேன். "இப்பப் பரவால்ல" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவளுக்கு நான் செய்துகொடுத்த எதற்கும் இப்படி உடனே பலன் கிடைத்ததில்லை.

புதன்கிழமை முழுவதும் நான் அவளைக் கண்ணாடிப் பாத்திரம் போலக் காவல் காத்தேன். நடக்கக் கூப்பிட வந்தபோதெல்லாம் ஒரு காரணம் சொன்னேன். இப்போதுதான் கண் அசந்தாள். இப்போதுதான் கஞ்சி குடித்தாள். மதியம் நடக்கட்டும். சாயங்காலம் நடக்கட்டும். கோகிலா அவளிடம் ஏதாவது கேட்டால் நான்தான் பதில் சொல்வேன். வலி இருக்கிறதா என்றால், இல்லீங்க. தண்ணீர் குடித்தாளா என்றால், குடிச்சாளுங்க. காலுறை சரியாக இருக்கிறதா என்று போர்வைப் பக்கம் கை நீட்டினால், இப்பத்தாங்க நான் சரி பண்ணுனேன். ரோஸ்லின் வாயைத் திறப்பாள். அதற்குள் நான் முடித்திருப்பேன்.

கோகிலா ஒருமுறை நின்று என்னைப் பார்த்தார். "ஏனுங்ணா, ஆபரேஷன் உங்களுக்குங்களா, அக்காவுக்குங்களா?" என்றார். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். ரோஸ்லின் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டாள்.

"இடது காலு கனமா இருக்குங்க. கெண்டைக்கால்ல புடிச்சிப் புடிச்சி வலிக்கி."

படுத்தே கிடந்தால் அப்படித்தான் இருக்கும் என்றேன். அவளைப் படுத்தே கிடக்க வைத்தவன் யார் என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. தைல பாட்டிலைத் திறந்துகொண்டு தேய்த்துவிடப் போனேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"தொடாதீங்க. எனக்கு என்னமோ சரியாப் படல."

போர்வையை விலக்கினேன். நான் தளர்த்திய காலுறை மேலே நிற்கப் பிடிப்பில்லாமல் சுருண்டு இறங்கியிருந்தது. கெண்டைக்கால் நடுவில், கயிற்றால் கட்டியதுபோல் ஒரு தடித்த வளையம். எதை இறுக்கம் என்று நான் தேய்த்து எடுத்தேனோ, அதைவிடப் பத்து மடங்கு இறுக்கம் அந்த ஓரிடத்தில். வளையத்துக்குக் கீழே தோல் மினுமினுத்தது. தொட்டால் சுட்டது.

கை தானாகப் பைக்குள் போய் டேப்பை எடுத்தது. வலது கெண்டைக்கால் முப்பத்துநாலு சென்டிமீட்டர். இடது முப்பத்தேழரை. டேப் நழுவியிருக்கும் என்று மறுபடி அளந்தேன். முப்பத்தேழரை. எங்கள் தொழிலில் அரை சென்டிமீட்டர் வரை மன்னிப்பு உண்டு. இது மூன்றரை. இருபத்தாறு வருஷம் நான் நம்பிய டேப் அன்று ஒரே ஒருமுறை பொய் சொல்லாதா என்று ஏங்கினேன்.

அந்த நேரம் பார்த்துக் கோகிலா வாசலில் எட்டிப் பார்த்தார். "அக்கா, வலி கிலி ஏதாச்சும் இருக்குதுங்ளா?"

நான் போர்வையை இழுத்து மூடினேன். "இல்லீங்க, நல்லாருக்கா" என்றேன்.

நண்பர்களே, இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். காலுறையைத் தேய்த்தது முட்டாள்தனம். முட்டாள்தனத்துக்கு மன்னிப்புக் கேட்பது சுலபம். நான் பலமுறை கேட்டிருக்கிறேன், பழக்கம் உண்டு. ஆனால் அந்த "நல்லாருக்கா" முட்டாள்தனம் இல்லை. போர்வையை விலக்கினால் காலுறை தெரியும். தைத்து அடைத்த ஓட்டை தெரியும். நாலு புத்தகம் படித்தவன், சபையில் விவரமானவன் என்று பெயர் எடுத்தவன் செய்த காரியம் வார்டு முழுக்கத் தெரியும். கோகிலா அடுத்த அறைக்குப் போய்விட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ரோஸ்லினின் காலைவிட என் மானம் எனக்குப் பெரிதாக இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள்.

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். "மெதுவாவே வாங்க" என்றாள்.

டீ குடிக்கவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு புங்கமரம். அதற்கடியில் யாரோ விட்டுப் போயிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கோகிலா திங்கட்கிழமை சொன்னது முழுவதும் இப்போது ஒவ்வொரு வார்த்தையாகக் காதில் விழுந்தது. கட்டி கெளம்பி நெஞ்சுக்குப் போச்சுன்னா. ஜெபம் பண்ணினேன். எனக்கு ஜெபம் பண்ண வரும். கூட்டத்தில் என்னிடம் கொடுத்தால் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் பண்ணுவேன். அன்று இரண்டே இரண்டு காரியம் கேட்டேன். ரோஸ்லினுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. நான் செய்தது யாருக்கும் தெரியக் கூடாது.

இரண்டாவதைக் கேட்கும்போதே வெட்கமாக இருந்தது. இருந்தும் கேட்டேன்.

வானம் திறக்கவில்லை. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் வந்து, வண்டி எடுக்க வேண்டும், நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்று மட்டும் சொன்னார். நகர்த்திவிட்டு மறுபடி உட்கார்ந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் லைனில் தைக்கிற பெண்களிடம் நான் தினமும் சொல்வது. "டேமேஜ் வந்தா வரட்டுமுங்க. ஒளிச்சு மட்டும் வெக்காதீங்க. தெரிஞ்ச டேமேஜை எடுத்தரலாம். ஒளிச்சு வெச்சது கப்பல் ஏறீரும்." ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஒளித்து வைத்தவர்களை எல்லார் முன்பும் நிறுத்திக் கேட்டிருக்கிறேன். அதில் ஒரு பெண் அழுதது, அந்த மரத்தடியில், முகத்தோடு நினைவுக்கு வந்தது.

ஆண்டவர் என்னோடு பேசினார் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவர் எனக்கென்று புதிதாக ஒரு வார்த்தைகூடச் செலவழிக்கவில்லை. என் வாய்ச்சொல்லையே எடுத்து என் முன்னால் வைத்தார். எழுந்தேன். லிப்டுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று மாடி ஏறினேன். நடப்பது நல்லது என்று அப்போதுதான் ஒத்துக்கொண்டேன்.

அறையில் கோகிலா இருந்தார். இளவயது டாக்டரம்மாவும் இருந்தார். போர்வை விலகிக் கிடந்தது. நான் போன பிறகு ரோஸ்லினே மணியை அழுத்திக் கால் வலியைச் சொல்லியிருக்கிறாள். கோகிலா கழற்றிய காலுறையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதென்னுங்க, வெரல் பக்கத்து ஓட்டையக் காணோம்? இது நான் போட்ட சாக்ஸே இல்லீங்களே, தொளதொளன்னு கெடக்குது."

"அது... துவைக்கையில அப்படி ஆயிட்டு போல" என்றாள் ரோஸ்லின்.

இருபத்தேழு வருஷத்தில் அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. வீங்கிய காலோடு படுத்துக்கொண்டு, எனக்காக ஒரு பொய். அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நான்தாங்க பண்ணுனேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, நீராவி, தையல், நாலு மணி நேரம், நேற்று நடக்க விடாதது, காலையில் அளந்தது, அளந்துவிட்டும் மறைத்தது. முப்பத்துநாலு, முப்பத்தேழரை என்று அளவையும் சொன்னேன். தொழில் புத்தி.

டாக்டரம்மா திட்டவில்லை. காலைத் தேய்த்துவிட்டீர்களா என்று மட்டும் கேட்டார். "தேய்க்க வந்தாங்க. நான் விடல" என்றாள் ரோஸ்லின். நல்லவேளை, தேய்த்திருந்தால் கட்டி நகர்ந்திருக்கலாம் என்றார். "நீங்க சொன்னது உதவி, சார். ரெண்டு நாளா சாக்ஸும் வேலை செய்யல, நடக்கவும் இல்லைன்னா நான் காத்திருக்க மாட்டேன். ஸ்கேன் இப்பவே எடுத்துருவோம்" என்று போனைக் கையில் எடுத்தார்.

கோகிலா காலுறையை என் கையில் கொடுத்தார். கோபம் இருந்தது. குரல் உயரவில்லை. "கணுக்கால்ல இறுக்கமா, மேல போகப் போகத் தளர்வா வர்ற மாதிரித்தானுங்க பின்னியிருக்கறாங்க. அப்பத்தான் ரத்தம் மேல ஏறும். ஓட்டை, வெரல் நெறம் மாறுதான்னு நாங்க பாக்கறதுக்கு. ஏனுங்ணா, நானும் டேப்பு வெச்சு அளந்துதானுங்க அக்காவுக்கு இந்த சைஸ் எடுத்தேன். நீங்க மட்டுந்தான் அளப்பீங்ளா?"

எனக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு ரிஜெக்ட் வந்ததில்லை.

ஸ்கேனில் இடது முழங்காலுக்குப் பின்னால் உள்பக்க இரத்தக்குழாயில் கட்டி இருந்தது. அது அங்கேயே இருக்க வேண்டும், நகரக் கூடாது. அவளைத் தள்ளுவண்டியில் அறைக்குக் கொண்டுவரும் வழியில் இரண்டுமுறை இருமினாள். "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்கி" என்றாள். தள்ளிக்கொண்டு வந்தவர்கள் நின்றார்கள். வண்டி திரும்பியது. நெஞ்சுக்கு இன்னொரு ஸ்கேன். கதவு மூடிக்கொண்டது.

வெளியே நின்றேன். போதகருக்குப் போன் பண்ணினேன், பேச வரவில்லை, அவரே புரிந்துகொண்டு ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். கம்பெனிக்கு வர முடியாது என்று பீர் முகமதுவிடம் சொன்னேன். நடந்ததையும் சொன்னேன். "அயர்ன் போட்டது என் கையிங்க. நானும் துவா செய்யறனுங்க" என்றார்.

பத்து நிமிஷ ஜெபக்காரனான எனக்கு அந்தக் கதவுக்கு முன்னால் இரண்டு வார்த்தைதான் வந்தது. ஆண்டவரே, ரோஸ்லின். ஆண்டவரே, ரோஸ்லின். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. யாருக்குத் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன. அவள் என் முன்னால் உட்கார்ந்து என்னைக் கிண்டல் பண்ண வேண்டும். அவ்வளவுதான்.

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். நுரையீரலில் கட்டி இல்லை. இருமல், மயக்கத்துக்குக் குழாய் போட்டதால் வந்த தொண்டைப் புண். நெஞ்சு அடைத்தது பயத்தால் இருக்கலாம். காலில் இருக்கும் கட்டிக்கு மருந்து உண்டு, நேரத்தில் பார்த்துவிட்டோம் என்றார். நான் சுவரோரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். சத்தமாகத்தான்.

நான் செய்ததால்தான் கட்டி வந்ததா என்று பிறகு கேட்டேன். அப்படி அடித்துச் சொல்ல முடியாது, எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்கு வருகிறது, வராமல் இருக்கத்தான் இத்தனையும் செய்கிறோம் என்றார் டாக்டரம்மா. ஊசியை ஒருநாளும் விடாமல் போட்டிருந்தது நல்லது என்றார். அந்த ஊசியை மட்டும் நான் தொட முடியவில்லை. என் கைக்கு எட்டாத இடத்தில் ஆண்டவர் ஒன்றை வைத்திருந்தார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஊசியின் அளவைக் கூட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலை கோகிலா ஒரு புதுக் காலுறையோடு வந்தார். வலது காலுக்கு மட்டும். இடதுக்கு டாக்டர் சொல்லும்வரை வேண்டாம். என்னைக் கூப்பிட்டு, நீங்களே மாட்டுங்கள் என்றார். குதிகால் வரை உள்பக்கம் வெளியே திருப்பி, பாதத்தை நுழைத்து, குதிகாலைச் சரியான இடத்தில் உட்கார வைத்து, பிறகு ஒரு சுருக்கம் இல்லாமல் மேலே ஏற்ற வேண்டும். லட்சக்கணக்கில் துணியைப் பார்த்தவன் நான். செவ்வாய்க்கிழமை அந்தத் தளர்ந்த காலுறையை இழுத்துவிட்டதைத் தவிர, ஒன்றைக்கூட ஒரு மனுஷ உடம்பில் மாட்டிவிட்டதில்லை. முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். அவள் பாதம் என் உள்ளங்கையில் இருந்தது. குதிகாலில் வெடிப்பு. இத்தனை வருஷம் அந்த வெடிப்பை நான் பார்த்ததே இல்லை. மூன்றுமுறை தப்பாக மாட்டினேன். நாலாவது முறை கோகிலா விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "பாஸுங்க" என்றார்.

ஒவ்வொரு மணிக்கும் வலது பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். நான் எண்ணுவேன், அவள் ஆட்டுவாள். வேகமாக எண்ணுகிறேன் என்று திட்டுவாள். இடதுக்கும் டாக்டர் அனுமதித்த பிறகு இரண்டையும் ஆட்டினாள். சனிக்கிழமை காலை என் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடந்தாள். எட்டு அடி. ஜன்னலில் எதிர்க் கட்டடத்து மாடியில் யாரோ காயப்போட்டிருந்த துணி ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மூச்சு வாங்கினாள். நான் "போதும், படுத்துக்கோ" என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். அவள் இன்னும் எட்டு அடி நடந்தாள்.

அடுத்த புதன்கிழமை வீட்டுக்கு வந்தோம். மூன்று மாதம் மாத்திரை. கடைசி ஸ்கேனில் இரத்தக்குழாய் திறந்து ஓடுகிறது என்றார்கள். மரத்தடியில் நான் கேட்ட இரண்டு காரியத்தில் முதலாவதை ஆண்டவர் கொடுத்தார். இரண்டாவதை முழுசாக மறுத்துவிட்டார். மறுத்ததால்தான் முதலாவது கிடைத்தது என்று இப்போது நம்புகிறேன். மறுத்ததற்கும் சேர்த்து அவருக்கு நன்றி.

இப்போது தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் நடக்கிறோம். யாராவது அவளிடம் ஏதாவது கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், சில நாள் உண்மையிலேயே கடிபடுகிறது. கம்பெனியில் டேமேஜை ஒளித்தவர்களை எல்லார் முன்பும் நிறுத்துவதை விட்டுவிட்டேன். தனியாகக் கூப்பிட்டு, நான் எதை ஒளித்தேன் என்று சொல்கிறேன். பிறகு அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அன்று அழுத பெண்ணிடம் போய் மன்னிப்பும் கேட்டேன்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுக்கலாம். படுக்கக் கூடாது என்றே வேண்டிக்கொள்கிறேன். படுத்தால், முதலில் ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவரிடம் சொன்னதை அப்படியே நர்ஸிடமும் சொல்லுங்கள். நடக்கச் சொன்னால் நடக்க விடுங்கள். காலுறை இறுக்கினால் அவர்களைக் கூப்பிடுங்கள், கத்தரிக்கோலையும் அயர்ன் பெட்டியையும் எடுக்காதீர்கள். ஒரு கால் வீங்கினாலோ வலித்தாலோ மூச்சு முட்டினாலோ ஒரு நிமிஷமும் ஒளிக்காதீர்கள். வெட்கப்பட்டுக்கொண்டே ஆண்டவரிடம் போகலாம், என்னைப் போன்றவனையே அவர் சேர்த்துக்கொண்டார்.

போன மாதம் இதையெல்லாம் நம் ஜெபக்கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னேன். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். புங்கமரத்தடியில் நான் செய்த ஜெபத்தையும் விடாமல் சொன்னேன். கூட்டம் முடிந்து வெளியே வந்து வண்டியை எடுத்தேன். ரோஸ்லின் பின்னால் ஏறி உட்கார்ந்து சேலையைச் சரி பண்ணிக்கொண்டாள். நல்லா இருந்துச்சா என்று கேட்டேன்.

"இருந்துச்சு. நீங்க மரத்தடில என்னத்தக் கேட்டீங்களோ, எனக்குத் தெரியாது. நான் அன்னைக்குக் காலைலேருந்து ஒண்ணே ஒண்ணத்தான் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். ஆண்டவரே, இந்த மனுசன ஒரு கால் மணி நேரம் வெளிய அனுப்பும், நான் சிஸ்டர்ட்ட பேசணும்னு."